மகளிர் பக்கமும் மாண்புப் பரிசும்

தலைநகர் தில்லியின் தென்பகுதியிலே சரோஜினி நகர் என்னும் குடியிருப்பு உள்ளது. முன்னாளில் விநய் நகர் என்று வழங்கிய அவ்விடத்தில், நாடு விடுதலை பெற்ற பின்னர் மத்திய அரசாங்க ஊழியர்களுக்கென வீடுகள் எழுந்தன. தஞ்சையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் நெல்லையிலிருந்தும் உத்தியோகத்தின் பொருட்டு வடக்கே வந்த தமிழ்க் குடும்பங்கள் பல அங்கே குடியமர்ந்தன. பிள்ளையாருக்கு ஒரு கோயிலும் அமைந்தது. இன்று அவ்வூரின் பெயரைச் சொன்னால் பலருக்கும் மலிவான துணிக்கடைகளே நினைவுக்கு வரும். ஆனால் தம் பெயரை அந்த நகருக்கு ஈந்த சரோஜினி நாயுடு அம்மையாரின் வாழ்க்கையில், நாம் இங்கே ஆராயப் புகும் பொருளுக்குத் தோற்றுவாயாகக் கொள்ளத்தக்க நிகழ்ச்சி ஒன்று உண்டு.

1917ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், இந்திய மந்திரி மாண்டேகு சென்னைக்கு வந்திருந்தார். அவரை இந்தியப் பெண்மணிகளின் தூதுக்குழு ஒன்று சந்தித்தது. அரசியல் சீர்திருத்தம் வருமாயின், அதில் ஆடவருக்கு அளிக்கும் வாக்குரிமையைப் பெண்டிருக்கும் அளித்தல் வேண்டும் என்று அக்குழு கேட்டது. குழுவின் தலைவி சரோஜினி தேவியாரே. அதே ஆண்டில் அடையாற்றில் தோன்றிய இந்திய மாதர் சங்கம், மறு ஆண்டே 'ஸ்த்ரீ தர்மம்' என்னும் பத்திரிகையைத் தொடங்கியது. 1921இல் சென்னைச் சட்டசபை, பெண்களுக்கு வாக்குரிமை இல்லை என்ற தடையை நீக்கிற்று. மந்திரியைக் கண்டு விண்ணப்பம் செய்வது ஒருநாள் வேலை. அவ்விண்ணப்பத்தை மாதந்தோறும் நினைவூட்ட ஒரு பத்திரிகை வேண்டும் என்பதை அப்பெண்மணிகள் நன்குணர்ந்திருந்தனர்.

பெண்களுக்கென்று தனியே பத்திரிகையும், செய்தித்தாளில் பெண்களுக்கென்று தனியே ஒரு பக்கமும் ஏன் வேண்டும்? 'ஒதுக்குதல்' என்னும் தமிழ்ச் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒருவருக்கென்று உரிமையோடு இடம் வைத்தலும் ஒதுக்குதலே; ஒருவரைக் கூட்டத்தினின்று விலக்கி வைத்தலும் ஒதுக்குதலே. செய்தித்தாளில் மகளிருக்கென ஒதுக்கிய பக்கம் இவ்விரு பொருளில் எதைச் சார்ந்தது? இக்கேள்விக்கு விடை கூற, அப்பக்கங்களுக்கும் அவற்றை நடத்திய பெண்மணிகளுக்கும் உலகம் அளித்த பரிசுகளின் வரலாறு நமக்குத் துணை செய்யும். பரிசு என்பது மெச்சுதல் மட்டுமன்று. ஒரு காலத்து மக்கள் எதைப் பெரிதென எண்ணினர், எதைச் சிறிதென எண்ணினர் என்பதற்கு அது சான்றுமாகும்.

மகளிர் பக்கம் பிறந்த கதையை முதலில் காண்போம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே மேலைநாட்டுப் பெருநகரங்களில் பெரிய பெரிய துணிக்கடைகள் தோன்றின. வீட்டுக்கு வேண்டிய பொருள்களை வாங்குவோர் பெண்களே என்பதைக் கடைக்காரர் கண்டுகொண்டனர். பெண்கள் படிக்கும் இடத்தில் விளம்பரம் செய்ய அவர்கள் விரும்பினர். விளம்பரம் வரவேண்டுமாயின் பெண்கள் படிக்கத்தக்க பகுதி ஒன்று பத்திரிகையில் இருந்தாக வேண்டும். இவ்வாறு சமையற் குறிப்பும் தையற் படமும் குழந்தை வளர்ப்பும் திருமணச் செய்திகளும் நிறைந்த பக்கம் உருவாயிற்று. அதனை நடத்துவதற்குப் பெண்களையே அமர்த்தினர். பத்திரிகைக் காரியாலயத்தின் மற்றக் கதவுகள் எல்லாம் அடைத்துக் கிடந்த காலத்தில், பெண்மக்கள் நுழைவதற்குத் திறந்திருந்த வாசல் அஃது ஒன்றே எனலாம். வாணிபத்தின் பொருட்டுத் திறந்த வாசலாயினும் வாசல் வாசல்தானே!

தமிழ்நாட்டின் கதை சற்றே வேறுபட்டது. இங்கே நாளிதழ்களில் மகளிர் பக்கம் வேரூன்றுவதற்கு முன்னரே, மகளிர்க்கெனத் தனி மாத இதழ்கள் தோன்றிவிட்டன. அவற்றின் நோக்கம் வாணிபமன்று, கல்வியும் சீர்திருத்தமுமே. 1905இல் வெளிவரத் தொடங்கிய 'சக்கரவர்த்தினி' என்னும் மாத இதழுக்குச் சுப்பிரமணிய பாரதியார் ஆசிரியராக இருந்தார் என்பதைப் பலர் அறிவர். பெண்களுக்காக ஆடவர் எழுதிய காலம் அது. பின்னர்ப் பெண்களே எழுதும் காலமும் வந்தது. 'ஸ்த்ரீ தர்மம்' ஆங்கிலத்தோடு தமிழ், தெலுங்குப் பகுதிகளையும் தாங்கி வந்தது. 1930களில் அதன் ஆசிரியப் பொறுப்பை டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் ஏற்றார். சென்னைச் சட்டசபையில் உதவித் தலைவராக அமர்ந்து, கோயில்களுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்க மசோதா கொண்டுவந்தவர் அவர். அவ்வழக்கத்தைத் தடுக்கும் சட்டம் 1947இல் நிறைவேறிற்று. சட்டசபையில் ஒருமுறை பேசிய பேச்சு அங்கேயே அடங்கிவிடும். மாதர் பத்திரிகையில் அச்சேறிய வாதமோ வீடுதோறும் சென்று சேரும். சட்டம் வருவதற்கு முன்பே மக்கள் மனம் பக்குவப்பட்டது இத்தகைய வழிகளினால்தான்.

வை. மு. கோதைநாயகி அம்மாளின் வரலாறு இதனினும் வியப்பூட்டுவது. ஐந்தரை வயதில் மணம் செய்து கொடுக்கப்பெற்ற அவர், பள்ளிக்கூடம் சென்று பயின்றவர் அல்லர். தம் முதல் நாடகத்தைத் தாம் வாயால் சொல்ல, தோழி பட்டம்மாள் எழுதிக்கொடுத்தார் என்பது அவர் வரலாற்றில் புகழ்பெற்ற செய்தி. அத்தகையவர் 1925ஆம் ஆண்டில் 'ஜகன்மோகினி' என்னும் இதழை ஏற்று, திருவல்லிக்கேணியிலிருந்து நடத்தினார். 1960இல் அவர் மறையும்வரை அவ்விதழும் அவர் பெயரும் பிரிக்க முடியாதனவாய் விளங்கின. நூற்றுப்பதினைந்து நாவல்கள் அவர் எழுதியவை. நாட்டு விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றும் வந்தார். இத்தகைய பெண்மணிக்குப் பத்திரிகைத் தொழிலின் பொருட்டு அன்றைய இந்தியாவில் அளிக்கத்தக்க தனிப் பரிசு ஏதும் நிறுவப்பெற்றிருக்கவில்லை. வாசகியர் அனுப்பிய சந்தாவே அவருக்குக் கிடைத்த பரிசு என்று கொள்ளல் வேண்டும்.

மகளிர் பக்கத்திற்கெனவே ஒரு பரிசை நிறுவிய பெருமை அமெரிக்க நாட்டைச் சாரும். மிசௌரிப் பல்கலைக்கழகத்தின் பத்திரிகைக் கல்லூரி 1908இல் தோன்றியது. அக்கல்லூரியும் 'பென்னி' என்னும் பெருங்கடை நிறுவனமும் சேர்ந்து 1960ஆம் ஆண்டில் பென்னி–மிசௌரிப் பரிசுகளைத் தொடங்கின. பொருள் உதவியது கடை நிறுவனம். தேர்வு செய்தது பல்கலைக்கழகம். நாளிதழ்களை விற்பனை அளவின்படி வகுத்து, ஒவ்வொரு வகுப்பிலும் சிறந்த மகளிர் பக்கத்திற்குப் பரிசு வழங்கினர். சிற்றூர்ப் பத்திரிகை பெருநகர்ப் பத்திரிகையோடு மோதித் தோற்க வேண்டியதில்லை. பரிசு பெற்றோர் ஆண்டுதோறும் கல்லூரியில் கூடி, ஒருவர் அனுபவத்தை மற்றவர் கேட்டுத் தெளியும் பயிற்சிக் கூட்டமும் நடைபெற்றது. நாட்டின் பல மூலைகளில் தனித்தனியே உழைத்து வந்த பெண்மணிகள் ஒருவரையொருவர் அறிந்துகொண்டது அக்கூட்டங்களில்தான்.

இப்பரிசினால் விளைந்த நன்மை பெரிது. விருந்துச் செய்தியும் திருமணப் படமுமாக இருந்த பக்கங்கள் மெல்ல மெல்ல மாறின. வேலைக்குச் செல்லும் தாயின் கஷ்டம், வறுமை, பள்ளிக்கூடங்களின் நிலை, குடும்பக் கட்டுப்பாடு ஆகியவை அங்கே இடம் பெற்றன. முதற் பக்கத்தின் ஆசிரியர் "இதெல்லாம் செய்தியா?" என்று தள்ளிய விஷயங்களை மகளிர் பக்கத்தின் ஆசிரியை எடுத்துக்கொண்டாள். மயாமி ஹெரால்டு என்னும் நாளிதழின் மகளிர் பகுதி, மேரி ஆண்டர்சன் என்பவரின் பொறுப்பில் அடுத்தடுத்துப் பரிசுகளை வென்றது. பிறருக்கும் வாய்ப்பு வேண்டும் என்று அதனைப் போட்டியினின்றே சில காலம் விலக்கி வைக்க நேர்ந்ததென்றால், அதன் சிறப்பை நாம் ஊகித்தறியலாம்.

ஆயினும் அதன் பின்னர் நிகழ்ந்ததுதான் சிந்தித்தற்கு உரியது. மகளிர் பக்கத்தின் பொருள் சிறந்ததென்று பரிசுகள் மெய்ப்பித்தன. அவ்வாறாயின் அதற்கு 'மகளிர்' என்ற பெயர் எதற்கு என்ற கேள்வி எழுந்தது. பெண்ணுரிமை இயக்கத்தினரும் அப்பெயரைக் கண்டித்தனர். 1969இல் வாஷிங்டன் போஸ்ட் நாளிதழ் தன் மகளிர் பகுதியை எடுத்துவிட்டு 'ஸ்டைல்' என்ற புதுப் பகுதியை அமைத்தது. மற்றப் பத்திரிகைகளும் அவ்வழியே 'வாழ்க்கை முறை' என்பது போன்ற பெயர்களைச் சூட்டின. பெயர் மாறியதோடு பல இடங்களில் ஆளும் மாறினர். புதுப் பகுதிக்கு ஆடவர் ஆசிரியராயினர். பல்லாண்டு உழைத்த பெண் ஆசிரியைகள் கீழ்ப்பதவிக்கு இறங்கினர், அல்லது வெளியேறினர். பண்படாத நிலத்தைத் திருத்திப் பயிரிட்டவள் ஒருத்தி; விளைந்த பிறகு களத்துக்கு வந்தவர் வேறொருவர்!

மார்ஜரி பாக்ஸ்டன் என்னும் பெண்மணியின் வாழ்க்கை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஆடவர் போர்முனைக்குச் சென்றமையால், யுனைடெட் பிரஸ் செய்தி நிறுவனத்தில் அவருக்கு வேலை கிடைத்தது. போர் முடிந்து ஆடவர் திரும்பினால் அவ்வேலையை விட்டுவிடுவதாக அவர் முன்கூட்டியே கையொப்பமிட்டுக் கொடுக்க வேண்டியிருந்தது. பின்னர் மகளிர் பக்கங்களில் பணியாற்றிப் பென்னி–மிசௌரிப் பரிசும் பெற்றார். அவர் நடத்திய பகுதி கலைக்கப்பட்டபோது அவர் பதவியும் தாழ்ந்தது. ஆனால் அவர் சோர்ந்துவிடவில்லை. 1975ஆம் ஆண்டு மெக்ஸிகோ நகரில் ஐக்கிய நாடுகளின் உலக மாதர் மகாநாடு கூடியபோது, அங்கே வெளியான நாளிதழுக்கு ஆசிரியையாக இருந்தார். 1987இல் ஐம்பதாயிரம் டாலர் நன்கொடை அளித்து, பத்திரிகைப் பெண்களின் கடிதங்களையும் குறிப்புகளையும் காப்பதற்கென மிசௌரிப் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆவணத் தொகுப்பை நிறுவினார். பரிசு தேய்ந்துபோகும், பதவி பறிபோகும், ஏடுகள் நிலைக்கும் என்பதை அவர் அனுபவத்தால் கண்டவர். அப்பரிசும் 1994இல் தன் பெயரை மாற்றிக்கொண்டது; 'மகளிர் பக்கம்' என்ற எண்ணமே அதற்குள் பழங்கதையாகிவிட்டது.

இனி நம் தலைநகருக்கு வருவோம். 1960களின் தில்லியிலே ஆங்கில நாளிதழ்களில் பெண் நிருபர்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவரே. மலர்க் கண்காட்சி, மாதர் கழகக் கூட்டம், கலை நிகழ்ச்சி ஆகியவையே அவர்களுக்குக் கிட்டும் வேலை. ஹிந்துஸ்தான் டைம்ஸ் பத்திரிகையின் நிருபர் பிரபா தத் 1965ஆம் ஆண்டுப் போரின்போது போர்முனைக்குச் செல்ல அனுமதி கேட்டார், மறுத்துவிட்டனர். அவர் விடுப்பு எடுத்துக்கொண்டு பஞ்சாபுக்குச் சென்றார். கேம்கரண் போர்முனையிலிருந்து செய்திகளை அனுப்பினார். வந்த செய்தியைப் பத்திரிகை அச்சிட்டது. பின்னாளில் அவர் அப்பத்திரிகையின் தலைமை நிருபராகவும் உயர்ந்தார். திகார்ச் சிறையில் மரண தண்டனை பெற்றிருந்த இருவரைப் பேட்டி காண அவர் கேட்டபோது அதிகாரிகள் இசையவில்லை. அவர் உச்சநீதிமன்றத்தை அணுகினார். கைதிகள் விரும்பினால் பத்திரிகையாளர் அவர்களைக் காணலாம் என்று 1981இல் நீதிமன்றம் கட்டளையிட்டது. பத்திரிகைச் சுதந்திரத்தைப் பற்றிய சட்ட நூல்களில் அவ்வழக்கு இன்றும் பேசப்படுகின்றது. 1984இல் இளமையிலேயே அவர் மறைந்தார்.

பிரபா தத் மகளிர் பக்கத்தின் வேலியைத் தாண்டிச் சென்றவர். வேறு சிலரோ, வேலிக்குள் கிடந்த செய்தியையே முதற் பக்கத்துக்குக் கொண்டுவந்தனர். 1974ஆம் ஆண்டு இறுதியில் இந்தியப் பெண்களின் நிலையைப் பற்றி அரசாங்கம் நியமித்த குழு, 'சமத்துவத்தை நோக்கி' என்ற அறிக்கையை அளித்தது. நாட்டில் ஆடவர் தொகையோடு ஒப்பிடப் பெண்களின் தொகை குறைந்துகொண்டே வருகிறது என்று அது எடுத்துக் காட்டியது. அடுத்து வந்த ஆண்டு சர்வதேச மகளிர் ஆண்டு. 1978இல் தில்லியிலிருந்து 'மானுஷி' என்ற இதழைப் பெண்கள் சிலர் தொடங்கினர். கடைகளின் தயவை நாடாமல், வாசகர் ஆதரவைக் கொண்டே அவ்விதழ் நடந்தது.

அக்காலத்துத் தில்லிச் செய்தித்தாள்களில், "ஸ்டவ் வெடித்து இளம்பெண் மரணம்" என்ற இரண்டு வரிச் செய்தி அடிக்கடி காணப்படும். உட்பக்கத்தின் மூலையில், விபத்துச் செய்திகளின் நடுவே அது கிடக்கும். அடுப்பு ஏன் மருமகள் அருகில் இருக்கும்போது மாத்திரம் வெடிக்கின்றது? மாமியாரை அது ஏன் தீண்டுவதில்லை? இந்தக் கேள்வியை 1979இல் பெண்கள் தில்லித் தெருக்களில் எழுப்பினர். பெண் நிருபர்கள் பத்திரிகைகளில் எழுப்பினர். சமையலறையைப் பற்றிய செய்தியன்றோ அது? மகளிர் பக்கத்துக்கே உரிய இடம்! அவ்விடத்திலிருந்தே ஒரு கொடிய குற்றம் வெளிச்சத்துக்கு வந்தது. 1983இல் கணவன் வீட்டாரின் கொடுமையைக் குற்றமாக்கும் 498ஏ பிரிவும், 1986இல் வரதட்சிணை மரணத்தைத் தண்டிக்கும் 304பி பிரிவும் தண்டனைச் சட்டத்தில் சேர்ந்தன. இரண்டு வரிச் செய்தி சட்டப் பிரிவாக வளர்ந்த வரலாறு இது.

இச்சூழ்நிலையிலேதான் தில்லியில் ஒரு பரிசு பிறந்தது. பி. ஜி. வர்கீஸ், லட்சுமி சந்த் ஜெயின் முதலியோர் 1979இல் 'மீடியா பவுண்டேஷன்' என்னும் அறக்கட்டளையை நிறுவினர். மறு ஆண்டு, சிறந்த பத்திரிகைப் பெண்மணிக்கு ஆண்டுதோறும் வழங்குவதற்கென 'சமேலி தேவி ஜெயின் விருது' ஏற்பட்டது. சமேலி தேவி அம்மையார் லட்சுமி சந்த் ஜெயினின் அன்னையார். பழமையில் ஊறிய தில்லிக் குடும்பத்து மருமகளாயிருந்தும், விடுதலைப் போராட்டத்தில் இறங்கிச் சிறை சென்றவர். நம் கோதைநாயகி அம்மாளைப் போன்றே வீட்டுக்குள்ளிருந்து நேரே நாட்டுப் பணிக்கு வந்தவர். அவ்விருதை முதன்முதலாகப் பெற்றவர் நீரஜா சௌத்ரி. நிழற்படக் கலைஞர் ஹோமாய் வியாரவாலாவும் முதுமையில் இவ்விருதினால் சிறப்பிக்கப்பெற்றார். 1942இல் தில்லிக்கு வந்து, நாட்டின் விடுதலை விழாக்களையும் தலைவர்களையும் படம்பிடித்த முதல் இந்தியப் பெண் அவர்.

அமெரிக்கப் பரிசையும் தில்லிப் பரிசையும் ஒப்பிட்டுப் பார்த்தால் ஒரு வேற்றுமை புலனாகும். அது பக்கத்துக்கு அளித்த பரிசு. இது பெண்மணிக்கு அளிக்கும் பரிசு. பக்கத்தைக் கலைத்தபோது அங்கே பரிசின் வேரே ஆடிற்று. இங்கே அத்தகைய ஆபத்து இல்லை. சமுதாய முன்னேற்றம், அரசியல், சமநீதி, ஆரோக்கியம், நுகர்வோர் நலன் என்று எத்துறையில் எழுதினாலும் அவ்வெழுத்தைத் தேர்வுக்குக் கொள்கின்றனர். இளையோருக்கும், சிற்றூர்களில் உழைப்போருக்கும், இந்திய மொழிகளில் எழுதுவோருக்கும் முதன்மை தருவதென்பதும் அவ்விருதின் கொள்கை. 2004இல் இவ்விருது புந்தேல்கண்டு பகுதியில் வெளிவந்த 'கபர் லஹரியா' என்னும் சிற்றிதழுக்குச் சென்றது. கிராமத்துப் பெண்கள் தாமே செய்தி திரட்டி, தம் வட்டார மொழியிலேயே எழுதி, தாமே ஊரூராகக் கொண்டுசென்று விற்ற இதழ் அது. கிணற்றில் நீர் இல்லை, ரேஷன் கடை திறக்கவில்லை, ஆஸ்பத்திரியில் மருத்துவர் இல்லை என்பவையே அதன் தலைப்புச் செய்திகள். மகளிர் பக்கம் முழுப் பத்திரிகையாக விரிந்ததற்கு இதனினும் சிறந்த உதாரணம் வேண்டுமோ?

2007 முதல் 'பாப்புலேஷன் பர்ஸ்ட்' என்னும் மும்பை நிறுவனம் 'லாட்லி' விருதுகளையும் வழங்கத் தொடங்கியது. எழுதுபவர் ஆணா பெண்ணா என்பதை அது பார்ப்பதில்லை. பெண்ணைப் பற்றி நேர்மையோடும் பரிவோடும் எழுதிய எழுத்தே அதற்குப் பொருள். பல மொழிகளோடு தமிழுக்கும் அதில் இடம் உண்டு. ஆக, பக்கத்துக்குப் பரிசு, பெண்ணுக்குப் பரிசு, நோக்குக்குப் பரிசு என்று மூன்று படிகளை இவ்வரலாற்றில் நாம் காண்கின்றோம். 'ஒதுக்குதல்' என்னும் சொல்லின் முதற்பொருள் இரண்டாம் பொருளை மெல்ல மெல்ல வென்றுவருகின்றது எனலாம்.

வடக்கே வாழும் தமிழருக்கு இவ்வரலாற்றில் தனிப்பட்ட உறவு உண்டு. தில்லியிலிருந்து ஒலிபரப்பாகிய தமிழ்ச் செய்தி அறிக்கையைப் பல்லாண்டுகள் வாசித்தவர் சரோஜ் நாராயணசுவாமி. மும்பையில் பிறந்து தில்லியில் பணியாற்றிய அவருடைய தமிழ் உச்சரிப்பைக் கேட்டுத் தமிழகம் வியந்தது. வானொலியில் பெண்களுக்குரியது மாதர் நிகழ்ச்சியே என்று எண்ணியோர் பலர் இருந்த காலத்தில், போரையும் தேர்தலையும் பட்ஜெட்டையும் நாட்டுக்கு அறிவித்தது ஒரு பெண்குரல். தமிழக அரசு அவருக்குக் கலைமாமணி விருது அளித்தது. 2022ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அவர் மறைந்தபோது, அவர் முகத்தை ஒருநாளும் கண்டறியாத மக்களும் வருந்தினர். தில்லியில் வாழ்ந்து கதைகள் எழுதிவந்த வாஸந்தி, பின்னர் 'இந்தியா டுடே' தமிழ்ப் பதிப்பின் ஆசிரியராகி, அரசியல் இதழொன்றைப் பெண் நடத்த இயலும் என்று காட்டினார். தமிழகத்துக்கு வெளியே வளர்ந்த தமிழ்ப் பெண்கள் தமிழகத்துக்கே வழிகாட்டிய இடங்கள் இவை.

அங்ஙனமாயின் குறை ஏதும் இல்லையா? உண்டு. பரிசுகள் யாவும் பெயர் விளங்கத் தோன்றியவருக்கே செல்லக்கூடியவை. பெயரில்லாமல் உழைத்தவர் பலர். 1980இல் தோன்றிய 'மங்கையர் மலர்', 1998இல் தோன்றிய 'அவள் விகடன்', தினமணியின் 'மகளிர் மணி', 2013இல் தொடங்கிய 'தி இந்து' தமிழ் நாளிதழின் 'பெண் இன்று' ஆகியவற்றிலும், அவற்றுக்கு முந்திய இதழ்களின் மாதர் பகுதிகளிலும் எழுதிய பெண்கள் எத்தனையோ பேர்! "திருமதி" என்று தொடங்கிக் கணவர் பெயரோடு முடிந்த கையொப்பங்கள்; "ஒரு சகோதரி" என்று மட்டும் குறித்த கடிதங்கள்; ஊர்ப் பெயர் மாத்திரம் தாங்கிய துணுக்குகள். புதுதில்லி, பம்பாய், கல்கத்தா, ஜாம்ஷெட்பூர் என்று முகவரியிட்டு எழுதியவர் யாவர்? வேற்றூரில் தமிழ்ப் பேச்சுக்குத் துணையின்றி, நான்கு சுவர்களுக்குள் இருந்து, வார இதழுக்கு ஒரு கடிதம் எழுதிப்போட்டு, அது அச்சேறுமா என்று காத்திருந்த இல்லத்தரசியர் அல்லரோ அவர்கள்? கத்தரிக்காய்க் குழம்பின் பக்குவத்தை எழுதியவள் அடுத்த வாரம் மகளின் படிப்பைப் பற்றி எழுதினாள். அதற்கடுத்த வாரம் சீதனத்தைப் பற்றி எழுதினாள். அவள் எழுத்தாளர் என்று தன்னைச் சொல்லிக்கொண்டதில்லை, உலகமும் சொல்லவில்லை.

இத்தகையோரின் எழுத்தைப் பேணுவதற்கும் முயற்சிகள் நடைபெற்றுள்ளன. தமிழ் எழுத்தாளர் அம்பை 1988ஆம் ஆண்டில் மும்பையிலே 'ஸ்பாரோ' என்னும் பெண்கள் ஆவணக் காப்பகத்தை நிறுவினார். பெண்களின் குரலையும் படத்தையும் கடிதத்தையும் தேடிச் சேர்ப்பது அதன் பணி. சென்னையிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் பழந்தமிழ் இதழ்களைத் திரட்டிக் காத்து வருகின்றது. பாக்ஸ்டன் அம்மையார் அமெரிக்காவில் கண்ட உண்மையை இவர்களும் கண்டனர் எனலாம்.

2016ஆம் ஆண்டில் மத்திய அமைச்சரவை, தில்லியிலுள்ள ஏழு அரசாங்கக் குடியிருப்புகளை இடித்து அடுக்குமாடிகளாகக் கட்ட இசைந்தது. அவ்வேழில் சரோஜினி நகரும் ஒன்று. பழைய வீடுகள் மறைந்தன. வேம்பும் பிற மரங்களும் வெட்டுண்டபோது, 2018இல் மக்கள் கிளர்ந்தெழுந்து நீதிமன்றத்தையும் நாடினர். மரத்துக்காக வாதாடியவர் உண்டு. பரணுக்காக வாதாடியவர் உண்டோ? அவ்வீடுகளின் பரண்களில், வார இதழ்களிலிருந்து கிழித்தெடுத்துத் தைத்த தொடர்கதைத் தொகுதிகள் எத்தனை இருந்திருக்கும்! கதையைக் காக்க வேண்டியே அவற்றைக் கட்டிவைத்தனர். ஆனால் கதைப் பக்கத்தின் மறுபுறத்தில் மாதர் பகுதியும் அச்சாகியிருக்கும். வரலாறு சில வேளைகளில் இப்படி மறுபுறத்தில் ஒட்டிக்கொண்டே உயிர்பிழைக்கின்றது.

ஆகவே வெளிமாநிலங்களில் வாழும் தமிழன்பர்களுக்கு நாம் விடுக்கும் வேண்டுகோள் ஒன்றே. வீடு மாறும்போதும், மூத்தோர் மறைந்தபின் பெட்டியைப் பிரிக்கும்போதும், பழந்தாள் வாங்குவோனை அழைப்பதற்கு முன் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். அன்னையோ அத்தையோ பாட்டியோ எழுதிய துணுக்கு ஒன்று அங்கே இருக்கலாம். இருந்தால், எந்த இதழ், எந்த ஆண்டு, எழுதியவரின் இயற்பெயர் யாது, அப்போது அவர் எந்த ஊரில் வாழ்ந்தார் என்பவற்றை ஓரத்தில் குறித்து வையுங்கள். அக்குறிப்பை அறிந்தவர் நீங்கள் ஒருவரே ஆகலாம். கூடுமாயின் நூலகங்களுக்குத் தெரிவியுங்கள். விருதுக் குழுக்கள் ஆண்டுக்கு ஒருவரைத் தேடிச் சிறப்பிக்கும். பெயரின்றி எழுதிய ஆயிரம் பேருக்குப் பெயரை மீட்டளிப்பது அவரவர் வீட்டாரால் மட்டுமே ஆவது. அதனினும் மாண்புடைய பரிசு வேறில்லை.